மேகத்தில் ஒரு கடி

சிஸ்டர் லூசெட் பொங் முதல்முறை எங்கள் வானிலை அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுத்தவன் நான்தான். அம்ரிம் தீவின் மேற்குக் கரையில் ஒரு சின்ன மருந்தகத்தை நடத்துகிற தாதி அவர். வணக்கம், நலமா எதுவும் இல்லை.

"கந்தகப் புகை எச்சரிக்கை எழுதறது யாரு? அந்த ஆள்கிட்ட குடு."

"வெளிய போயிருக்காங்க சிஸ்டர். நான் கடல் அலை பார்க்கிறவன், ஓபெத். என்கிட்ட சொல்லுங்க."

"உன்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அலையைக் குடிக்கவா முடியும்? நேத்து இங்க என்ன மழை தெரியுமா? கூரையைப் பிச்சுக்கிட்டு ஊத்துச்சு. அத்தனையும் மண்ணுல போச்சு. ஏன்? உங்க ரேடியோ 'சிவப்பு, சிவப்பு, குழாயைக் கழட்டுங்க'ன்னு கத்துச்சு. ஊரே கழட்டிப் போட்டுட்டு வேடிக்கை பார்த்தோம். ஆனா மூக்குக்குத் துளி நாத்தம் இல்லை. மலை செத்துப் போச்சு தம்பி. செத்த மலைக்கு எதுக்குடா எச்சரிக்கை?"

நான் எழுதிக்கொண்டேன். 'செத்த மலை' என்பதையும் சேர்த்துத்தான்.

அம்ரிமின் மேற்குப் பக்கத்தில் ஆறு கிடையாது, கிணறும் உப்பு. தகரக் கூரையில் விழும் மழைதான் குடிநீர். கூரையிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்குள் போகும். தீவின் நடுவிலுள்ள எரிமலை கந்தகத்தைக் கக்குகிற நாளில் மழை புளித்துப் போய்விடும். அந்தத் தண்ணீர் தொட்டியில் இறங்கினால் வயிறு, பல் எல்லாவற்றுக்கும் கேடு. அதனால்தான் எங்கள் எச்சரிக்கை: மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் குழாயைக் கழற்று. காலையில் தலைநகர் போர்ட் விலாவில் நாங்கள் எழுதுவதை வானொலியில் வாசிப்பார்கள். தீவு முழுக்கக் கேட்டு அப்படியே செய்வார்கள்.

அதை எழுதுகிறவள் லெய்வியா. விலா இருக்கிற எஃபாத்தே தீவுக்காரி. என் பக்கத்து மேசை. வறுத்த மரவள்ளியைக் கொறித்தபடி வரைபடங்களை முறைத்துப் பார்ப்பாள். எதையாவது புரியாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அவளால் முடியாது. எங்களுக்கென்று சொந்தமாகப் புகையைக் கணிக்கிற கணினி எதுவும் இல்லை. ஐரோப்பாவில் ஒரு பெரிய மையம் உலகத்தின் காற்று முழுவதையும் சதுரக் கட்டங்களாக வெட்டி, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு எது நகர்கிறது என்று கணக்குப் போடுகிறது. அதைத்தான் நாங்கள் 'மாதிரி' என்போம். அதில் ஒரே ஒரு கட்டத்துக்குள் அம்ரிம் தீவு முழுவதும் அடங்கிப்போகும். தினமும் அந்த மையம் அனுப்பும் வரைபடத்திலிருந்து எங்கள் தீவுகளை மட்டும் வெட்டி எடுத்து, நாளைக்கு எங்கே சிவப்பு என்று சொல்வது லெய்வியாவின் வேலை.

அன்று அவள் வந்ததும் நான் எழுதி வைத்ததைக் காட்டினேன்.

"செத்த மலையா?" என்றாள். "யாரு சொன்னது?"

"ஒரு நர்ஸம்மா. குரலைக் கேட்டா மலையே பயந்து செத்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வரைபடத்தைத் திறந்தாள். அம்ரிமிலிருந்து கிளம்பிய சிவப்பு மேகம் வழக்கம்போல மேற்கே நீண்டு, நான் பிறந்த மலேகுலாத் தீவின் மேல் படர்ந்திருந்தது. எனக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்து இலைகளில் யாரோ சிகரெட்டால் சுட்ட மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும். அம்ரிம் மூச்சு விட்டிருக்கிறது என்பார் அப்பா, அவ்வளவுதான். அந்த மலை புகையாமல் இருக்கும் என்று யோசிக்கவே எனக்குத் தோன்றாது.

ஆனால் டிசம்பரில் ஒன்று நடந்திருந்தது. பெரிய நிலநடுக்கம். மலை உச்சிக் குழிகளில் வருடக்கணக்காகக் கொதித்துக்கொண்டிருந்த தீக்குழம்பு ஏரிகள் வற்றின. குழம்பு பூமிக்கடியில் தென்கிழக்கே ஓடி, கடலுக்குள் போய் வெடித்தது. கிழக்குக் கரையில் நிலம் பிளந்து பல குடும்பங்கள் உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தன. ஏரிகள் போய்விட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏரி இல்லாமலும் வாயு கக்குகிற மலைகள் உலகத்தில் எத்தனையோ. எனவே எச்சரிக்கையை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

லெய்வியா சிஸ்டருக்குத் திரும்பக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"சிஸ்டர், உண்மையிலேயே நாத்தமே இல்லையா? எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. முன்னெல்லாம் காலைல எந்திரிச்சா தொண்டை கரகரங்கும். இப்ப ஒண்ணும் இல்லை. இருமல்னு வர்றவங்களும் கொறைஞ்சுட்டாங்க. சேவல் கூவறது மட்டும்தான் தொந்தரவு."

"ஒருநாள்கூட?"

"என்னம்மா, போலீஸ் மாதிரி கேக்கறே? ஒருநாள்கூட இல்லை."

எங்கள் மேலதிகாரி கால்சாவு எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஒருமுறை புயல் எச்சரிக்கையைச் சீக்கிரம் விலக்கி, படகில் போனவர்கள் திரும்பாமல் போனதை நேரில் பார்த்தவர்.

"அவங்க மூக்கு பிறந்ததிலேர்ந்து கந்தகத்துல ஊறின மூக்கும்மா. அந்த மூக்குக்கு என்ன தெரியும்? நாம 'சுத்தம்'னு சொல்லி, ஒரு குழந்தை புளிச்ச தண்ணியக் குடிச்சு படுத்துருச்சுன்னா? தண்ணி போனா அடுத்த மழை வரும்."

"வரலைன்னா பாஸ்? மழைக்காலம் முடியப் போகுது. அதுக்கப்புறம் தொட்டி காலியா நின்னா?"

"அப்ப எனக்கு மூக்கைத் தவிர வேற சாட்சி கொண்டா" என்றார் அவர்.

சாட்சி தேடித்தான் அவள் அந்தக் கடியைக் கண்டுபிடித்தாள்.

மையம் நாளைய முன்கணிப்பை மட்டும் அனுப்புவதில்லை. நேற்று மேகம் மணிக்கு மணி எப்படி நகர்ந்தது என்பதையும் அனுப்பும். வேலை முடிந்த நாளின் வரைபடத்தை யார் பார்ப்பார்கள்? லெய்வியா பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஓபெத், இங்க வா. இதைப் பாரு. காலைல மேகம் முழுசா இருக்கு. மத்தியானம் தாண்டினதும் மலைகிட்ட யாரோ ஒரு கடி கடிச்ச மாதிரி ஓட்டை. சாயங்காலம் பாரு, மறுபடி முழுசு."

"பசியா இருக்கியா நீ?"

"முந்தாநாளும் பாரு. அதே எடம், அதே நேரம்."

உண்மைதான். ஒவ்வொரு நாளும் மதியத்துக்குப் பிறகு அந்தச் சிவப்பு மேகத்தின் வேர்ப்பகுதியில் ஒரு வெள்ளை விழுந்தது. பிறகு மலையிலிருந்து புதுச் சிவப்பு கசிந்து, இருட்டுவதற்குள் அதை அடைத்துவிட்டது. காற்று மாறவில்லை. மழையும் காரணமில்லை, மழையில்லாத நாளிலும் கடி இருந்தது.

"மத்தியானம் அங்க என்ன நடக்குது?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு மேசையைத் தட்டினாள். "செயற்கைக்கோள்!"

எங்கள் தலைக்கு மேலே தினமும் ஒருமுறை, மதியம் தாண்டியதும், ஒரு செயற்கைக்கோள் போகிறது. கடலிலும் காற்றிலும் பட்டுத் திரும்பும் வெயிலைப் பார்த்து, இடையில் கந்தக வாயு எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். அது கண்டதையும் தன் கணக்கையும் ஒப்பிட்டு, கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்வது அந்த மாதிரியின் வழக்கம்.

"அப்படின்னா," என்றாள் லெய்வியா மெதுவாக, "செயற்கைக்கோள் தெனமும் வந்து 'இங்க ஒண்ணுமில்லை'ன்னு அழிச்சிட்டுப் போகுது. அது போனதும் மாதிரி மறுபடி வரையுது."

"மழை மேகம் மறைச்சிருக்கும். செயற்கைக்கோளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"தெரியலைன்னா அது ஒண்ணும் சொல்லாது. இது 'இல்லை'ன்னு சொல்லுது. தெரியலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணா?"

அதன்பின் அவள் செயற்கைக்கோள் படங்களை நேரடியாகவே இறக்கினாள். வானம் தெளிவாக இருந்த நாட்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்த்தாள். சென்ற வருடத்துப் படத்தில் அம்ரிமிலிருந்து ஒரு பெரிய வால் மேற்கே நீண்டது. ஜனவரிக்குப் பிந்தைய படத்தில் வெறும் கடல்.

கால்சாவு இரண்டையும் உற்றுப் பார்த்தார். "நல்ல சாட்சி," என்றார். "ஆனா மேலேர்ந்து பார்க்கற சாட்சி. தரைகிட்ட கொஞ்சமா படிஞ்சிருந்தா அதுக்குத் தெரியுமா?"

"கொஞ்சமா இருந்தா தெரியாது" என்று ஒப்புக்கொண்டாள்.

"கீழேர்ந்து ஒண்ணு கொண்டா."

தண்ணீர் புளிக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் வேண்டும். தபால் விமானம் வரக் காத்திருக்க லெய்வியாவுக்குப் பொறுமையில்லை. சிஸ்டரைக் கேட்டாள்.

"என்கிட்ட மூத்திரம் சோதிக்கற அட்டைதான் இருக்கு" என்றார் சிஸ்டர். "அதுல சர்க்கரை, ரத்தம், புளிப்பு எல்லாத்துக்கும் ஒவ்வொரு கட்டம் இருக்கும்."

"அதுவே போதும்! மழைத் தண்ணில முக்கி, புளிப்புக் கட்டம் என்ன நெறம்னு சொல்லுங்க."

"வானத்துக்கு சர்க்கரை வியாதியான்னும் பார்த்துச் சொல்லவா?"

அடுத்த மழைக்குப் பிறகு சிஸ்டர் கூப்பிட்டார். இந்த முறை குரலில் காரமில்லை.

"ஆரஞ்சு. கடைசி நெறம். ரெண்டு அட்டை வச்சுப் பார்த்துட்டேன். புளிப்புதாம்மா. உங்க ரேடியோ சொன்னதுதான் சரி போல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

தன் எச்சரிக்கை சரி என்று ஆனதில் வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். லெய்வியா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எடுத்த மரவள்ளித் துண்டு வாய்க்குப் போகவில்லை.

"செயற்கைக்கோள் இல்லைங்குது. மூக்கு இல்லைங்குது. அட்டை மட்டும் ஆமாங்குது. யாரோ பொய் சொல்றாங்க."

"அட்டை எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றேன்.

"சிஸ்டர், எந்தத் தண்ணில முக்கினீங்க?"

"கூரையிலேர்ந்து வர்ற குழாய்ல பிடிச்சேன். வேற எதுல?"

"கூரையைக் கடைசியாக் கழுவினது எப்ப?"

"கூரையை யாரும்மா கழுவுவா? டிசம்பர்ல விழுந்த சாம்பல் இன்னும் காரை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

"அப்ப மழை புளிப்பில்லை. கூரைதான் புளிப்பு! ஒரு அலசின பேசினை வெட்டவெளில வைங்க. மேல மரம்கூட இருக்கக் கூடாது."

லெய்வியா அதோடு நிற்கவில்லை. விலாவில் ஒரு மருந்துக் கடையில் அதே மாதிரி அட்டையை வாங்கினாள். எங்கள் அலுவலக வாசலில் சோறு வடிக்கிற பாத்திரம் ஒன்றை வைத்தாள். எரிமலை இல்லாத ஊரின் மழை அட்டையில் என்ன நிறம் காட்டும் என்று தெரிந்தால்தானே அம்ரிம் மழையைப் பற்றிப் பேச முடியும்? அலுவலகத்துக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் கேட்டவர்களுக்கெல்லாம், "வானத்துக்கு உடம்பு சரியில்லை, லெய்வியா பார்த்துக்கிட்டிருக்கா" என்றேன்.

இரண்டு ஊரிலும் மழை பெய்தது. எங்கள் பாத்திரத்து மழையில் அட்டை மஞ்சள் காட்டியது, புளிக்காத மழையின் நிறம். சிஸ்டர் கூப்பிட்டு, "மஞ்சள்" என்றார். அதற்கு அடுத்த மழையிலும் மஞ்சள். அந்த இரண்டு நாட்களுக்கும் மாதிரி தந்தது அடர்ந்த சிவப்பு.

கால்சாவு நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். "போய்ப் பார்த்துட்டு வா," என்றார் கடைசியில். "நம்ம ஆள் ஒருத்தர் அந்தக் குழிகிட்ட நின்னு சொல்லட்டும். ஓபெத், நீயும் போ. இவ எதையாவது பார்த்துக்கிட்டே குழிக்குள்ள நடந்துருவா."

அம்ரிமில் கிரெய்க் கோவ் விமானப் புல்தரையில் எங்களுக்காகக் காத்திருந்த பெண்மணி என் தோள் உயரம்கூட இல்லை. பூப்போட்ட சட்டை, கையில் இலையில் சுற்றிய லாப்லாப், கிழங்கை அரைத்துச் சுட்ட அடை.

"நீங்கதான் சிஸ்டரா?" என்றேன் நம்ப முடியாமல்.

"நீதான் அலைக்காரனா? குரலைக் கேட்டு இன்னும் ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார். லெய்வியாவை மட்டும் இழுத்துக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மலை ஏறினோம். வழிகாட்டி சாம்சன் தாலிப். முன்பெல்லாம் வெளிநாட்டுக்காரர்களைத் தீக்குழம்பு காட்டக் கூட்டிப் போனவர். இப்போது யாரும் வருவதில்லை. சிஸ்டரும் வந்தார், வயதான தன் முழங்கால்களைத் திட்டிக்கொண்டே எங்களுக்கு முன்னால் நடந்தார்.

"எங்க ஊர்ல மூணு பேரு 'நான்தான் மந்திரம் போட்டு மலையை அணைச்சேன்'னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க," என்றார் சிஸ்டர். "சரிப்பா, மறுபடி பத்த வைங்க பார்ப்போம்னேன். மூணு பேருக்கும் அன்னைக்கே வயித்துவலி."

சாம்சன் மட்டும் பேசாமல் வந்தார். உலர்ந்த ஓடைத் தடத்தில் ஏறி, நாணல் காட்டைத் தாண்டி, கருஞ்சாம்பல் சமவெளியில் கால் வைத்ததும் நின்றார்.

"இங்க வந்தா காது கேக்காது," என்றார். "கடல் அலை பாறைல மோதற மாதிரி மலை உறுமிக்கிட்டே இருக்கும். சுற்றுலாக்காரங்க என்கிட்ட கேள்வி கேட்டா நான் கத்திக் கத்திப் பதில் சொல்வேன். இப்பப் பாருங்க."

எங்கள் செருப்பில் சாம்பல் நொறுங்கும் சத்தம்தான் இருந்தது. அவர் மிகத் தாழ்ந்த குரலில் பேசுவதை அப்போதுதான் கவனித்தேன். துக்க வீட்டில் பேசுகிற குரல். என் பிள்ளைப் பருவம் முழுவதும் எங்கள் தோட்டத்தைச் சுட்ட மலை இதுதான். அதன்மேல் எனக்கிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மலை உச்சியில் பென்போ என்ற குழியின் விளிம்புக்கு மிக அருகில் போகவில்லை. நிலநடுக்கத்தில் விளிம்பு உளுத்துப் போயிருந்தது. ஆனால் உள்ளே பார்க்க முடிந்தது. செந்நிறமாகக் கொதித்த இடத்தில் சரிந்த பாறைகள் குவிந்து கிடந்தன. அவ்வப்போது ஒரு கல் பெயர்ந்து உருளும். ஓரத்துப் பிளவு ஒன்றிலிருந்து நீராவி மெல்லக் கிளம்பிக் கரைந்தது, கெட்டிலின் மூக்கிலிருந்து வருமே அவ்வளவுதான்.

லெய்வியா எரிமலைப் பிரிவினரிடம் இரவல் வாங்கிய கந்தகமானியைக் கையில் பிடித்தாள். சுழியம். காற்று வரும் திசைக்கு மாறி நின்றாள். சுழியம். நீராவி வந்த பக்கம் நெருங்கினாள்.

"சுழியம்தான்," என்றாள். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "கருவி வேலை செய்யுதா?"

"திரும்பிப் போய்க் கேட்டுட்டு வரவா?" என்றேன்.

அவள் சாம்சனைப் பார்த்தாள். "மாமா, தீப்பெட்டி இருக்கா?"

அவர் கொடுத்தார். லெய்வியா குந்தி உட்கார்ந்து, கருவியின் வாயருகே ஒரு குச்சியைக் கிழித்தாள். எண் துள்ளி ஏறியது. குச்சி அணைந்ததும் இறங்கி மறுபடி சுழியத்தில் நின்றது. எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் அந்த வாடை எட்டியது.

"ஆங்!" என்றார் சிஸ்டர். "இதுதான். இந்த நாத்தத்தைத்தான் சொன்னேன். யாருடா சொன்னது என் மூக்கு செத்துருச்சுன்னு?"

லெய்வியா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். கிளம்பும் முன் அச்செடுத்த அன்றைய முன்கணிப்பு. நாங்கள் நின்ற இடத்தில் உலகத்திலேயே கெட்ட காற்று என்பது போல் கருஞ்சிவப்பு. அவள் தாளைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். சாம்சன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டார். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விலா திரும்பியதும் லெய்வியா மையத்துக்கு எழுதினாள். இரண்டே நாளில் ஹென்றிக் என்ற விஞ்ஞானி காணொளியில் வந்தார். கலைந்த தலை, பின்னால் பனி படிந்த ஜன்னல்.

"நீங்க சொல்ற கடி எங்க படத்துலயும் இருக்கு," என்றார். "பார்த்தோம். செயற்கைக்கோள்ல ஏதோ சின்னப் பிழைன்னு நெனச்சோம்."

"மலை எவ்வளவு விடுதுன்னு மாதிரிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நாங்க சொல்லி வச்சிருக்கோம். பல வருஷம் செயற்கைக்கோள் பார்த்ததுக்குச் சராசரி எடுத்து, ஒவ்வொரு மலைக்கும் நாளுக்கு இவ்வளவுன்னு. உங்க அம்ரிம் உலகத்துலயே பெரிய புகைக்காரன். அது நிக்கும்னு நாங்க நெனைக்கவே இல்லை."

"நாங்களும்தான் நெனைக்கலை" என்றாள் லெய்வியா.

"அதனால தெனம் மத்தியானம் செயற்கைக்கோள் அழிக்குது, அடுத்த மணிலேயே அந்தச் சராசரி புதுசா ஊத்துது. ச்சே!" ஹென்றிக் நெற்றியில் தட்டிக்கொண்டார். ஆனால் கண்கள் மின்னின. எங்கள் ஆள்தான் என்று தோன்றியது. "செயற்கைக்கோள் சரிதான்னு நீங்க எப்படி உறுதி பண்ணினீங்க? அங்க அளவு நிலையம் எதுவும் இல்லையே?"

லெய்வியா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"மூத்திரம் சோதிக்கற அட்டை. அப்புறம் ஒரு தீக்குச்சி" என்றாள்.

முழுக் கதையையும் கேட்டு ஹென்றிக் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அதையெல்லாம் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அம்ரிமின் அளவைச் சுழியமாக வைத்து அவர்கள் ஒரு சோதனைக் கணக்கு ஓட்டினார்கள். வரைபடம் வந்தபோது கால்சாவும் எங்கள் மேசைக்கு வந்து நின்றார். மேகமும் இல்லை, கடியும் இல்லை. மலேகுலாவுக்கு மேலே அவ்வளவு வெறுமையை நான் எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை. கால்சாவு சற்று நேரம் பார்த்துவிட்டு, "போடு," என்றார். "ஆனா மலை எந்திரிச்சா நமக்கு எப்படித் தெரியும்?"

அதையும் லெய்வியா ஹென்றிக்கிடம் கேட்டிருந்தாள். மலைகளின் அளவைப் பல வருடச் சராசரியாக வைக்காமல், கடைசிச் சில வாரங்களில் செயற்கைக்கோள் கண்டதைக் கொண்டு அடிக்கடி மாற்றுவதாக மையம் சொன்னது. அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை தெளிந்த வானம் கிடைத்த நாளெல்லாம் லெய்வியா படத்தைப் பார்ப்பாள். சிஸ்டர் தன் மூக்கையும் பேசினையும் பார்த்துக்கொள்வார்.

மறுநாள் காலை வானொலியில் அந்த அறிவிப்பு வந்தது: அம்ரிமில் கந்தகப் புகை இல்லை, கூரையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குழாயை மாட்டிக்கொள்ளுங்கள். வாசித்தவர் தவறாக இருக்குமோ என்று எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாசித்தாராம்.

சிஸ்டர் மதியத்துக்குள் கூப்பிட்டுவிட்டார். பின்னணியில் தகரம் தேய்க்கும் சத்தமும் பெண்களின் சிரிப்பும்.

"ஊர்ல ஒருத்தரும் சும்மா இல்லை. எல்லாரும் கூரை மேல ஏறிட்டாங்க. ஏற்கெனவே ஒருத்தன் விழுந்து கையை உடைச்சிக்கிட்டு வந்துட்டான். அதுக்கும் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாமில்ல?"

"அடுத்த தடவை போடறேன் சிஸ்டர்" என்றாள் லெய்வியா.

"எங்க கீரை பார்த்தியாம்மா? நீ வந்தப்பவே துளிர் விட்டுருந்துச்சே. ஓட்டை இல்லாத இலை. என் பக்கத்து வீட்டுப் பொம்பளை அதைப் பறிக்க மனசில்லாம சும்மா பார்த்துக்கிட்டு நிக்கறா." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "சாம்சன்தான் ஒரு மாதிரி இருக்கான். தண்ணி கெடைச்சுது சந்தோஷம்தான், ஆனா எல்லாரும் சேர்ந்து ரேடியோல மலைக்குச் சாவு அறிவிச்ச மாதிரி இருக்குங்கறான்."

"செத்துருச்சுன்னு நாங்க சொல்லலை சிஸ்டர்," என்றாள் லெய்வியா. "இப்பப் புகை இல்லைன்னு மட்டும்தான் சொன்னோம். அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க."

தொலைபேசியை வைத்ததும் அவள் எழுந்து போவாள், தேங்காய்ப்பால் விட்ட மீன் வாங்கித் தருவாள் என்று நான் காத்திருந்தேன். வெற்றி பெற்றவர்கள் அதையெல்லாம் செய்ய வேண்டும். அவள் நாற்காலியை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். வரைபடத்தைத் தெற்கே தள்ளித் தன்னா தீவில் நிறுத்தினாள். அங்கேயும் ஒரு மலை இருக்கிறது, யாசூர்.

"என்ன பண்றே?"

"அம்ரிமோட சராசரி பழசுன்னா மத்த மலைங்களுக்கும் பழசுதானே?"

நேற்றைய நாளை மணிக்கு மணி ஓட்டினாள். காலையில் யாசூரிலிருந்து ஓர் இளமஞ்சள் கீற்று. நான் கடியை எதிர்பார்த்துக் குனிந்தேன். மதியம் தாண்டியது. கீற்றில் ஓட்டை விழவில்லை. சட்டென்று தடித்து, சிவந்து, மலையடிவாரத்துத் தோட்டங்களின் மேல் வீங்கி நின்றது. சாயங்காலத்துக்குள் மறுபடி மெலிந்து இளமஞ்சளானது.

"இது கடி இல்லை," என்றேன்.

"இல்லை," என்றாள். "இங்க செயற்கைக்கோள் சேர்க்குது. மாதிரி கொறைக்குது. மலை கணக்கைவிட அதிகமாக் கக்குது." அவள் முந்தைய நாளைத் திறந்தாள், அதற்கு முந்தைய நாளையும். பிறகு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே தொலைபேசிக்காகக் கையை என் பக்கம் நீட்டினாள். "தன்னாவுல உனக்கு யாராவது நர்ஸைத் தெரியுமா?"